எந்த அவுரு?

எங்கள் தெருவில் எலியை எலி என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதற்குக் கேட்டுவிடும். கேட்டுவிட்டால் மருந்து வைத்தாலும் தின்னாது, பொறி வைத்தாலும் விழாது. வஞ்சம் வைத்துக்கொண்டு பீரோவுக்குள் புகுந்து இருப்பதிலேயே நல்ல புடவையாகப் பார்த்துக் கடித்துவைக்கும். மண்ணூரில் இதை நம்பாத வீடு கிடையாது. கம்பெனிக்குப் பக்கத்தில் கம்பெனி வந்து, தெருவில் பாதிப் பேர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போன பிறகும் இது மட்டும் மாறவில்லை. சிலர் வாகனம் என்பார்கள், சிலர் பெரியவர் என்பார்கள். காமாட்சியம்மாள் ‘அவுரு’ என்பாள்.

அதில்தான் ஒரு சிக்கல். புருஷன் பேரையும் அவள் வாயால் சொல்ல மாட்டாள். அவனும் ‘அவுரு’தான்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். காலையில் அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் முழுசாகக் கேட்கும்.

"ராத்திரி அவுரு சோப்பைத் துன்னுட்டாரு."

"எந்த அவுருடி?" என்பான் பழனிவேல்.

"வாலு கீற அவுரு."

"நல்ல வேளை. நான்கூடப் பசியில நான்தான் துன்னுட்டேனோன்னு பயந்துட்டேன்."

இந்தப் பேச்சு வாரத்தில் நாலு நாள் நடக்கும். நாலு நாளும் பழனிவேல் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்பான். காமாட்சியும் சிரிப்பாள். எங்களுக்குத்தான் அலுத்துப்போயிருந்தது.

பழனிவேலுக்கு ஒரகடத்தில் கார் சாமான் செய்கிற கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. கான்ட்ராக்ட்தான். வருகிற பெட்டிகளை இறக்கி அடுக்குவதும், லைனுக்கு வேண்டியதை வண்டியில் தள்ளிக்கொண்டு போய்க் கொடுப்பதும். காமாட்சி விடியற்காலையில் சுங்குவார்சத்திரத்துக்குப் போய், போன் கம்பெனிப் பெண்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் ஒன்றில் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு ஒன்பது மணி வாக்கில் திரும்புவாள். ஒரே மகள் தேவிப்பிரியாவைக் குன்றத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் படுத்துக்கொண்டிருந்த முன்னறை சும்மா கிடக்கிறதே என்று வாடகைக்கு விட்டார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த செல்வலட்சுமி அதில் குடி வந்தாள். போன் கம்பெனியில் லைன் வேலை. சமையல்கட்டு இரண்டு பேருக்கும் பொது.

அவள் வந்தது ஐப்பசி மழையில். அந்த வருடம்தான் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த நிலத்தையெல்லாம் மண் கொட்டி மேடாக்கி, கல் நட்டு, பிளாட் போட்டிருந்தார்கள். வளையை இழந்த வயல் எலிகள் வீட்டுச் சந்துகளில் வந்து நின்றன. ஆனால் காமாட்சி வீட்டில் இருந்தது அந்த ஜாதி இல்லை. அது நெடுநாள் குடி. மெல்லிய உடம்பு, பெரிய காது, உடம்பைவிட நீளமான வால். தரையைவிட உயரத்தில்தான் அதற்குக் குஷி. கேபிள் டிவி வயரில் நடந்து வரும். ஷீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் இறங்கும். போன வழியிலேயேதான் போகும். உடம்பு உரசி உரசிச் சுவரில் கறுப்பாக எண்ணெய்க் கோடு விழுந்திருந்தது. காமாட்சி அதைச் சுண்ணாம்பு வைத்து மறைப்பாள், பத்து நாளில் கோடு திரும்ப வந்துவிடும்.

வந்த அன்றைக்கே செல்வலட்சுமி, "யக்கா, ஒங்க வீட்டுல எலி கெடக்கு" என்றாள்.

காமாட்சி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "அந்தப் பேரு இந்த வூட்டுல எடுக்காத. இன்னா, புரிதா?"

புரிந்தது. வாடகைக்கு விடுகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சங்கடம் என்று செல்வலட்சுமி எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தப் பேருக்குப் பதிலாக வேறு பேர் ஒன்று புழக்கத்தில் இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. தெரிந்த விஷயத்தை யார் எடுத்துச் சொல்லுகிறார்கள்?

ஒருநாள் காலையில் குழாயடியில் அவள் கேட்டாள். "ராத்திரி என்னக்கா சத்தம், தடதடன்னு?"

"அதை ஏன் கேக்கற. எல்லாம் அவுருதான். தூங்கவே வுடமாட்டேன்றாரு. வயசாவுதே தவிர ஆட்டம் அடங்கல."

செல்வலட்சுமிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வாரம் பழனிவேலுக்குப் பகல் ஷிப்ட், ராத்திரி வீட்டில்தான் இருந்தான். கம்பெனி பஸ்ஸில் போய், கூட வேலை செய்யும் சுகப்பிரியாவின் காதில் சொல்லி, இருவரும் கம்பெனி போய்ச் சேரும்வரை துப்பட்டாவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். இன்னொரு நாள், "நேத்து முட்டைய உருட்டினு பூட்டாரு. கருவாட்டைக்கூட வுடல. கேட்டா வாயத் தொறப்பாரா?" என்றாள் காமாட்சி. அண்ணாச்சிக்குப் பசி தாங்காது போல என்று செல்வலட்சுமி நினைத்துக்கொண்டாள். அவன் ஒல்லி வேறு. அவளுக்குப் பாவமாக இருந்தது.

எலியை ஒழிப்பதற்கு யோசனை சொன்னது பழனிவேல்தான். அவன் கம்பெனி ஸ்டோர்ஸில் சுவர் ஓரமாகக் கறுப்புப் பெட்டிகள் வைத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்து அவற்றைத் திறந்து பார்ப்பான். அவனோடு நின்று பேசிப் பேசிப் பழனிவேலுக்கு எலியின் குணம் எல்லாம் அத்துப்படி. வீட்டுக்குள் பேசக்கூடாது என்று காமாட்சி சொல்லியிருந்ததால், எங்கள் வீட்டுப் பக்கம் தெருவில் நின்றுதான் சொன்னான்.

"புச்சா எதுனா வெச்சியானா மொத நாளு கிட்டவே வராதும்மே. சந்தேகப் பிராணி. கொஞ்சூண்டு கொறிச்சிட்டுப் போயி, வவுத்த ஒண்ணும் பண்ணலியேன்னு பாத்துட்டு, அப்பால வந்துதான் துன்னும். அதுக்கு வாந்தி வராதாம். துன்னா துன்னதுதான், வெளில எடுக்க முடியாது. அதான் அத்தினி உஷாரு."

"அப்போ இன்னாதான் பண்றது?"

"வெறும் வடைய தெனம் ஒரே எடத்துல வை. பழகட்டும். நம்ம ஊட்டு வடதான்னு தைரியம் வந்து முழுசா துன்னும் பாரு, அப்ப ஒரு நாளு மருந்தத் தடவி வெச்சுடு."

"எப்ப வெக்கறேன்னு உன்னாண்டகூட சொல்ல மாட்டேன்" என்றாள் காமாட்சி. "சொன்னா காரியம் கெட்டுடும்."

"சொல்லாத. எனக்கின்னா, நானா துன்னப் போறேன்?"

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

காமாட்சி தினம் ஹாஸ்டல் வேலை முடிந்து வரும்போது சத்திரம் டீக்கடையில் ஒரு மசால் வடை வாங்கி வருவாள். பொழுது சாய்ந்ததும் வாழை இலைத் துண்டில் அதை வைத்து, அரிசி டிரம்முக்கு மேலே உள்ள அலமாரியின் மூலையில் வைப்பாள். குப்பை மாதிரி போட்டால் அது எடுக்காது, மரியாதையாக வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். மறுநாள் காலையில் இலை மட்டும் கிடக்கும்.

"வடை யாருக்குக்கா?" என்று செல்வலட்சுமி கேட்டாள்.

காமாட்சி குரலைத் தாழ்த்தினாள். "அவுருக்குத்தான். நீ கை வெக்காத. உனக்கு வோணும்னா நாளிக்கு வேற வாங்கினு வரேன்."

அந்த வாரம் பழனிவேலுக்கு நைட் ஷிப்ட். விடிந்து ஏழு மணிக்குத்தான் வருவான். அந்த நேரத்தில் காமாட்சி வீட்டில் இருக்க மாட்டாள். புருஷன் வந்து தின்னட்டும் என்று முந்தின சாயங்காலமே ஒரு வடையை எடுத்து இலையில் வைத்துவிடுகிறாள், அதையும் ரகசியமாகச் சொல்லுகிறாள் என்றதும் செல்வலட்சுமிக்கு மனசு என்னமோ செய்தது. "எங்கம்மை எங்கய்யாவுக்கு ஒரு நாளாச்சும் இப்படி எடுத்து வச்சிருப்பாளாட்டி?" என்று சுகப்பிரியாவிடம் சொன்னாளாம்.

மருந்து வைத்த அன்று காமாட்சி சாயங்காலத்திலிருந்தே யாரோடும் பேசவில்லை. டியூப் மருந்தை முந்தானைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பழனிவேல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வடையை எடுத்தாள். முடித்துவிட்டு மூன்று தடவை கை கழுவினாள். பிள்ளையார் படத்தின் பக்கம் திரும்பி, கோவிச்சிக்காதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாளாம். வாய் திறக்கவே இல்லை.

அன்று ராத்திரி எலி வந்தது. இலை ஓரமாகப் புழுக்கை கிடந்ததை அப்புறம் பார்த்தோம். பழகிய வடைதான், பழகிய இடம்தான், ஆனால் வாசனை வேறு. மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் செல்வலட்சுமிக்கு மதிய ஷிப்ட், காலையில் வீட்டில் இருந்தாள். பால் காய்ச்ச உள்ளே போனவள் இலையில் வடை அப்படியே இருப்பதையும், அதில் எறும்பு ஏறத் தொடங்கியதையும் பார்த்தாள். பழனிவேல் அப்போதுதான் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் ஆள் வரவில்லை என்று பகலிலும் நிறுத்தி டபுள் ஷிப்ட் பார்க்க வைத்ததில் சரியான தூக்கம் இல்லை. கண் சொருகிக்கொண்டு வந்தது.

அவள் எறும்பைத் தட்டிவிட்டு, வடையைத் தட்டில் வைத்து, கூட ஒரு டம்ளர் டீயும் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

"இன்னாம்மா இது?"

"அக்காதான் அண்ணாச்சி, ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாவ. எறும்பு வந்துட்டு, அதான்."

"எனக்கா?" பழனிவேல் தட்டைப் பார்த்துச் சிரித்தான். "அந்த அவுருக்கு ஒண்ணு, இந்த அவுருக்கு ஒண்ணா? பரவால்ல, நம்ம நெனப்பும் கீது அவளுக்கு."

என்ன சொல்லுகிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் பேசுகிறான் என்று விட்டுவிட்டாள். அவன் பாதியைப் பிட்டு அவளிடம் நீட்டினான். "நான் பல்லே வெளக்கலண்ணாச்சி, நீங்க சாப்பிடுங்க" என்றாள். அவன் முழுவதும் சாப்பிட்டு டீயைக் குடித்துப் பாயை விரித்தான்.

ஒன்பது மணிக்கு வந்த காமாட்சி முதலில் அலமாரியைத்தான் பார்த்தாள். வெறும் இலை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை. செத்தது நாறும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று இருந்தாள்.

பழனிவேல் அன்று மத்தியானம் வாந்தி எடுத்தான். இரண்டு தடவை. ராத்திரி கேன்டீனில் போட்ட எலுமிச்சை சோறுதான் என்று அவனே சொன்னான். காமாட்சி மோரில் பெருங்காயம் போட்டுக் கொடுத்தாள். ராத்திரி வேலைக்குப் போகவில்லை. மறுநாள் எழுந்து குளித்து, பசிக்கிறது என்று கூழ் குடித்து, ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். அந்த நாள் அவன் நன்றாகத்தான் இருந்தான். தெருமுனையில் நின்று என்னோடு பேசினான். கேன்டீன்காரனைத் திட்டினான். அந்த மருந்துக்கு இப்படி நடுவில் ஒரு நல்ல நாள் உண்டு என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டோம்.

அதற்கடுத்த நாள் கண் மஞ்சளாகிவிட்டது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினான். மஞ்சள் காமாலை என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. நானும்தான் சொன்னேன். கீழாநெல்லியை அரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தார்கள். உப்பில்லாத கஞ்சி கொடுத்தார்கள். பழனிவேல் படுத்தே கிடந்தான். ஷீட்டுக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

காமாட்சிக்கு அதற்கு நடுவே இன்னொரு கவலை. வீட்டில் நாற்றம் வரவில்லை. டிரம்மை நகர்த்திப் பார்த்தாள், பரணில் தடவிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் செல்வலட்சுமிக்கு வார லீவு. அதுவரை அவளும் காமாட்சியும் உட்கார்ந்து பேசவே நேரம் அமையவில்லை. இவள் வரும்போது அவள் போவாள், அவள் வரும்போது இவள் தூங்குவாள். அன்று சாயங்காலம் விளக்கு வைத்த நேரம், இருவரும் சமையல்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மேலே காமாட்சியின் கண் போனது. கேபிள் வயரில் அது நடந்து வந்து, சுவர்க்கோட்டில் இறங்கி, அலமாரி விளிம்பில் உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டாலும் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டது. செல்வலட்சுமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அடப்பாவி" என்றாள் காமாட்சி. "இன்னும் உசிரோடவா கீறாரு?"

செல்வலட்சுமி உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். பழனிவேல் அங்கே முனகிக்கொண்டிருந்தான். "யக்கா! என்ன பேச்சு பேசுதிய?"

"பின்ன இன்னாடி. முழு வடையத் துன்னுட்டு இத்தினி நாளாச்சி. இந்நேரம் போயிருக்க வேணாமா?"

"யாரக்கா சொல்லுதிய?"

"அவுருதான்! அதோ பாரு மேல. மருந்து தடவி வெச்சேனே, வடையில."

செல்வலட்சுமி மேலே பார்த்தாள். எலியைப் பார்த்தாள். கையிலிருந்த கீரைக் காம்பைக் கீழே வைத்தாள்.

"அது அண்ணாச்சிக்குன்னுல்லா சொன்னிய."

"எது?"

"வடை. அவுருக்குன்னு சொன்னியளேக்கா. நாந்தான தட்டுல எடுத்து வச்சி அண்ணாச்சிக்குக் குடுத்தேன். நாந்தானக்கா டீ போட்டுக் குடுத்தேன்."

காமாட்சி கத்தவில்லை. அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த சோற்றின் மூடியை எடுத்துக் கீழே வைத்தாள். தீயைக் குறைத்தாள். எழுந்து உள்ளே போய்ப் புருஷன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வட துன்னியா?"

அவன் மஞ்சள் கண்ணைத் திறந்தான். "ஆமா. நீதான வெச்ச. அந்தப் பொண்ணு சொல்லிச்சி."

"எப்படி இருந்துது?"

"நல்லாதான் இருந்துது. பூண்டு கொஞ்சம் தூக்கல்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே வந்து எங்கள் சுவரைத் தட்டி, "கொஞ்சம் வண்டிக்குப் போன் பண்ணுங்க" என்றாள். குரல் சாதாரணமாக, மாவு மில்லுக்குப் போக ஆள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நாங்கள் ஓடிப்போனபோது செல்வலட்சுமிதான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நூற்றெட்டு வண்டியில் நானும் போனேன். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சென்னை டாக்டர் என்ன மருந்து, எந்த நாள் என்று கேட்டார். அன்றைக்கே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் காமாட்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஈரல் போய்விட்டது என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

பழனிவேலுக்கு ஒன்றும் தெரியாது. காமாலை முற்றிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள் காமாட்சி. "எனக்குன்னு அவ எடுத்து வெச்சான்னு இருக்காரு. இருக்கட்டும்." அவன் நினைவு தவறுவதற்கு முன்னால் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு, சூப்பர்வைசருக்கு லீவு சொல்லியாச்சா என்பது.

விஷம் சாப்பிட்ட கேஸ் என்பதால் போலீஸ் வந்தது. கொஞ்சம் வயதான ஏட்டு. கெட்ட மனுஷர் இல்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் காமாட்சியை உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து கேட்டார்.

"மருந்து யாரும்மா வெச்சது?"

"நான்தாங்க."

"எதுல?"

"மசால் வடையில."

"யாருக்கு வெச்ச?"

"அவுருக்குத்தாங்க."

ஏட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எந்த அவுரு?"

அதுவரை கல் மாதிரி இருந்தவளின் முகம் அப்போதுதான் மாறியது. அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல உதடு பிரிந்தது, ஆனால் ஒன்றும் வரவில்லை. நாற்பது வருஷம் சொல்லாமல் இருந்த சொல் அந்த இடத்தில் எப்படி வரும்? எனக்கும் நாக்கு எழவில்லை. அவள் சிறைக்குப் போய்விடுவாள் என்று தெரிந்தும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. எங்கள் ஊர் வளர்ப்பு அப்படி.

செல்வலட்சுமி ஓடிவந்து ஏட்டின் முன்னால் நின்றாள். "எலிக்கு சார்! எலிக்கு வச்சாவ! எலி சார், எலி! அவிய பேரு சொல்ல மாட்டாவ சார், நாந்தான் தெரியாம எடுத்துக் குடுத்துட்டேன்."

வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏட்டு அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். திரும்பத் திரும்பக் கேட்டார். மண்ணூரில் வந்து தெருவில் பத்து பேரிடம் விசாரித்தார். அவருடைய மனைவியும் வீட்டில் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாளாம், போகும்போது என்னிடம் சொன்னார். அதற்குமேல் காமாட்சியை அவர் கூப்பிடவில்லை. தவறுதலாகச் சாப்பிட்டது என்று முடிந்தது.

அதற்குள் பழனிவேல் செத்துப்போயிருந்தான். மூட்டை மாதிரி கட்டிக் கொடுத்தார்கள். மழை விட்டிருந்தது. எங்கள் ஊர் ஏரிக்கரை ஓரமாகக் கொண்டுபோய் எரித்தோம். கம்பெனியிலிருந்து ஸ்டோர்ஸ் ஆட்கள் ஆறு பேர் வந்து, மாலை போட்டுவிட்டு, மதிய ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள்.

செல்வலட்சுமி அறையைக் காலி பண்ணிவிட்டு சுகப்பிரியா இருக்கும் ஹாஸ்டலுக்குப் போய்விடப் பார்த்தாள். பையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, நான் போட்டுமா?"

"ஏன்?"

"என் மூஞ்சில எப்படி முழிப்பிய?"

"நீ இன்னா பண்ணுவ" என்றாள் காமாட்சி. "நான் சொன்னத்தான நீ செஞ்ச. உள்ள வை பைய."

அவள் உள்ளே வைத்தாள். ஏன் இருக்கிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, ஏன் இருக்கச் சொன்னோம் என்று இவளுக்கும் தெரியவில்லை. தேவிப்பிரியா மட்டும் செல்வலட்சுமி கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் குன்றத்தூருக்குத் திரும்பிப் போனாள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, ரசம் கொண்டுபோய்க் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனேன். விளக்கு வைத்த நேரம். காமாட்சி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு எவ்வளவு போடுவது என்று இன்னும் கை பழகவில்லை போலிருக்கிறது. முறத்தில் நிறைய அரிசி இருந்தது. செல்வலட்சுமி எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை. சுவரில் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது.

மேலே வயரில் சரசரவென்று சத்தம் கேட்டது. ஷீட்டிலிருந்து தூசி உதிர்ந்தது.

காமாட்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல் பொறுக்கிக்கொண்டே, எப்போதும் சொல்லுகிற குரலில் சொன்னாள்.

"அவுரு வந்துட்டாரு."

செல்வலட்சுமியின் கத்தி நின்றது. நான் ரசக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். காமாட்சி முறத்திலிருந்து தலையைத் தூக்கி உள்ளறைப் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து பதில் வரட்டும் என்று காத்திருப்பதைப்போல் அப்படியே இருந்தாள்.

எந்த அவுருடி என்று யாரும் கேட்கவில்லை.